கொஞ்சம் காய்ச்சல் வரும்

அந்த வருஷம் டோர்காஸ் தோலோகவாவுக்கு ஏறிப் போனது அது நாலாவது தடவை. முந்தைய மூன்று தடவையும் கொண்டுபோன தடுப்பூசி மருந்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். இந்தத் தடவையும் அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தேதான் விடியற்காலையில் குளிர்பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொதிகளை அடுக்கினாள். போகாமல் இருந்தால் மாத அறிக்கையில் 'போகவில்லை' என்று எழுத வேண்டும். போய்விட்டு வந்தால் 'மறுத்துவிட்டார்கள்' என்று எழுதலாம். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேர மலைப்பாதையும், ஒரே ஆற்றை நாலு இடத்தில் கடப்பதும், ஐம்பதைத் தொடப்போகும் ஒருத்தியின் முழங்கால்களும் இருந்தன.

அராபுலி கடற்கரையில் இருந்த கிளினிக்கில் அவள் இருபத்து மூன்று வருஷமாக நர்ஸ். மலைட்டா தீவின் அந்தப் பக்கத்துக்கு டாக்டர் வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை, கடல் அமைதியாக இருந்தால். மற்ற நாட்களில் டோர்காஸும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த பிரெண்டாவும்தான். மரம் வெட்டும் கம்பெனி ஒரு காலத்தில் மலைக்கு ரோடு போட்டிருந்தது. மரம் தீர்ந்ததும் கம்பெனி போயிற்று, அடுத்த மழையில் ரோடும் போயிற்று.

பிரெண்டா குளிர்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டாவது ஆற்றைக் கடந்ததும் நின்று மூச்சு வாங்கினாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. அவங்க வேண்டாம்னு சொல்றதைக் கேக்கறதுக்கு நாம எதுக்கு இவ்ளோ தூரம் ஏறணும்? அவங்களே ஒரு ஆளைக் கீழே அனுப்பி வேண்டாம்னு சொல்லிடலாமில்ல?"

"அதையும் கேட்டுப் பாத்தேன். அதுக்கும் வேண்டாம்னுட்டாங்க," என்றாள் டோர்காஸ்.

தோலோகவாவில் பதினேழு வீடுகள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓசியா என்பவர் பெரிய சபையை விட்டுப் பிரிந்துவந்து அங்கே ஒரு ஜெபக் கூட்டம் ஆரம்பித்தார். அவருடைய கூட்டத்தில் பாக்கு போடக்கூடாது, புகையிலை கூடாது, சிப்பியும் நண்டும் கூடாது. புதனும் வெள்ளியும் பொழுது சாயும்வரை உபவாசம், பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஊசி கூடவே கூடாது. உடம்பில் ஓட்டை போடுகிறவன் ஆத்துமாவுக்குள் வழி வெட்டுகிறான் என்பார். ஓசியாவுக்கு வலது கை மாதிரி இருந்தவன் சைலஸ். டோர்காஸின் கூடப்பிறந்த தம்பி.

அவன் அந்தக் கூட்டத்துக்குள் போன கதை கீழே எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு முதல் மகன் பிறந்தான், ஆபேல் என்று பெயர் வைத்தார்கள். நாலு மாதத்தில் சைலஸே பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். டோர்காஸ்தான் தடுப்பூசி போட்டாள். அத்தை என்பதால் கன்னத்தில் முத்தமும் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள், கிளினிக்குக்குக் கொண்டுவரும் வழியில், மூன்றாவது ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிள்ளை போய்விட்டது. கிளினிக்குக்கு வந்து சேர்ந்த உடம்பிலிருந்து டோர்காஸ் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். மலேரியா. அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு மலையேறிப் போய்த் தம்பியிடம் காட்டினாள். அவன் பார்த்தான், எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். அந்த வருஷக் கடைசியில் ஓசியாவோடு சேர்ந்தான். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் யாருக்கும் ஊசி கிடையாது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. முடிய மூன்று மணி ஆயிற்று. ஓசியா வெளியே வந்து கை கொடுத்தார், வெயிலைப் பற்றி விசாரித்தார், பாதையில் மண் சரிந்த இடத்தைப் பற்றி எச்சரித்தார், வேண்டாம் என்றார். எல்லாம் மரியாதையாகத்தான்.

சைலஸ் வீட்டில் அவன் மனைவி எல்சி மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பத்து மாதக் கைக்குழந்தை டிக்சன். சைலஸ் வாசற்கம்பத்தில் சாய்ந்து நின்றான். அக்கா வந்தால் அவன் உட்கார மாட்டான்.

"ஓசியா சொல்லிட்டாரில்ல," என்றான்.

"சொல்லிட்டார். உன் வாயால கேட்டுட்டுப் போறேன்."

"வேண்டாம்."

"சரி. அறிக்கையில எழுதிக்கிறேன்."

வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கி வெளிச்சம் சாம்பலாக மாறிய நேரம், எல்சி உள்ளிருந்து மகளைக் கூப்பிட்டாள். லெசினாவுக்கு ஆறு வயது. அவள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி வந்தாள். படிக்கட்டை முழங்காலால் மோதிக் கண்டுபிடித்தாள். நடுவே இருந்த தண்ணீர்ச் சட்டியை உதைத்துக் கொட்டினாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தன.

"கோழி அடைய வந்துடுச்சு," என்றான் ஒருவன்.

டோர்காஸ் எழுந்து போய் அவள் முகத்தைப் பிடித்து, மிச்சமிருந்த வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் கருவிழிக்குப் பக்கத்தில், வெள்ளை விழி மேல், சோப்பு நுரை காய்ந்து ஒட்டியது போல ஒரு திட்டு.

"எவ்ளோ நாளா இப்படி?"

"போன அறுவடையிலேருந்து," என்றாள் எல்சி. "பகல்ல நல்லாத்தான் இருக்கா அண்ணி. பொழுது சாஞ்சாத்தான் தட்டுத் தடுமாறுறா. இவ மட்டுமில்ல. பக்கத்து வீட்டுலயும் ரெண்டு இருக்கு."

"இது மாலைக்கண். என்ன குடுக்கறே சாப்பிட?"

"மரவள்ளி. கடையில அரிசி வாங்கினா சோறு. நூடுல்ஸ்."

"கீரை?"

"நத்தை விட்டு வெச்சாத்தானே."

அது உண்மை. கை அகல நத்தைகள் எங்கிருந்தோ தீவுக்கு வந்து சேர்ந்து, மலை முழுக்க வழுக்குக்கீரைத் தோட்டங்களை மொட்டையடித்திருந்தன. மீன் வாங்கக் கீழே இறங்க வேண்டும். மரம் வெட்டிய சரிவுகளில் மண் கழுவிப் போனதால் மரவள்ளி தவிர வேறெதுவும் பிடிப்பதில்லை. வயிறு நிறைந்தது, வேறொன்றும் நிறையவில்லை.

டோர்காஸ் தன் தோள்பையிலிருந்து சிவப்புக் குளிகை ஒன்றை எடுத்தாள். மொச்சைக் கொட்டை அளவு, உள்ளே எண்ணெய்.

"சைலஸ், இது ஊசி இல்ல. துளைக்கிற வேலையே இல்ல. நுனியைக் கத்தரிச்சு வாயில நாலு சொட்டு. வைட்டமின் ஏ, அவ்ளோதான். ஆறு மாசத்துக்கு ஒண்ணு போதும்."

"உன் பையிலேருந்து வர்றது எதுவும் வேண்டாம்."

"அவ கண்ணு போயிடும்டா."

"ஜெபம் பண்றோம்."

"பண்ணு. கூடவே பப்பாளியாவது குடு. அதோ மரத்துல பழுத்துத் தொங்குதே, வௌவாலுக்கு எதுக்கு விடறே? அது என் பையிலேருந்து வரலையே."

அவன் பப்பாளி மரத்தைப் பார்த்தான். "அது குடுக்கலாம்," என்றான்.

அன்றிரவு அவர்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்கினார்கள். காலையில் இறங்கும்போது எல்சி லெசினாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடைவரை பின்னாலேயே வந்தாள். யாரும் இல்லாத இடம். டோர்காஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். லெசினா என்னவோ ஏதோ என்று வாயைத் திறந்தாள்.

எல்சி டோர்காஸின் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணி. அவருக்குத் தெரியாம நான் எதுவும் செஞ்சதில்ல. இவ போய் அப்பாகிட்ட சொல்லிடுவா. அப்புறம் உங்களை மேலேயே விட மாட்டாங்க."

குளிகை விரலிடுக்கில் இருந்தது. நறுக்கிப் பிழிந்தால் இரண்டு நொடி வேலை. டோர்காஸ் எல்சியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு குளிகையைப் பையிலேயே போட்டாள். பிரெண்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து ஏழாவது வாரம் அம்மை வந்தது. தலைநகர் ஹோனியாராவிலிருந்து ஒரு கல்யாணத்துக்குக் கப்பலில் வந்தவர்களில் ஒரு பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் சிவப்பு பூத்திருந்தது. தட்டம்மை என்று டோர்காஸ் பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள். கடற்கரை ஊர்களில் ஊசி போட்ட பிள்ளைகள் பெரும்பாலும் தப்பின, போடாதவை படுத்தன. கிளினிக்கில் ஆறு கட்டில். பத்தாம் நாள் தரையில் பாய் போட்டு இருபத்தெட்டுப் பிள்ளைகள் கிடந்தன. டோர்காஸும் பிரெண்டாவும் முறைவைத்துத் தூங்கினார்கள். அப்புறம் முறை மறந்துபோய், யாருக்குக் கண் சொருகியதோ அவர்கள் தூங்கினார்கள்.

மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிய ஒரு கிழவர் கிளினிக் வேலிக்கு வெளியே நின்று சொன்னார்.

"மேலே பிள்ளைங்க எல்லாம் சிவப்பா பூத்துக் கிடக்குதுங்க. ஓசியா மூணு நாள் உபவாசம் வெச்சிருக்கார்."

"பிள்ளைங்களுக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"தூக்கிட்டு வரச் சொல்லுங்க. சண்டை போட மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லுங்க. ஊசி போட மாட்டேன், சும்மா பாக்கறேன்னு சொல்லுங்க."

கிழவர் தலையாட்டினார். சந்தை முடிகிற சனிக்கிழமைக்கு முன்னால் அவரால் மலையேற முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டோர்காஸ் தானே போக நினைத்தாள். வெளியே மூச்சுத் திணறலோடு ஒரு குழந்தை வந்தது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்று. போகவில்லை.

புதன்கிழமை பகலில் சைலஸ் வந்தான். தனியாக வந்தான், முதுகில் லெசினாவைத் துணியால் கட்டியிருந்தான். எல்சி தங்கையின் பிரசவத்துக்காகக் கைக்குழந்தையோடு கடற்கரையோரம் தாய்வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது, அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தோலோகவாவில் அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். இரண்டாவது குழியை வெட்டியவன் சைலஸ். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, ஓசியாவிடம் சொல்லிக்கொள்ளாமல், மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

டோர்காஸ் லெசினாவைப் பாயில் கிடத்தினாள். தோல் உரிந்துகொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் பீளையால் ஒட்டிப்போயிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வெகுநேரம் துடைத்து இமையைப் பிரித்தாள். வலது கருவிழி மூச்சுபட்ட கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. இடது கருவிழி அதன் வடிவத்தில் இல்லை. வெந்த முட்டையின் வெள்ளை போலக் குழைந்திருந்தது.

அவள் குளிகையை எடுத்து நுனியைக் கத்தரித்தாள். சைலஸ் நெருங்கி உட்கார்ந்தான். மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எண்ணெய் முழுவதும் உள்ளே போயிற்று.

"நாளைக்கு ஒண்ணு. நாலு வாரம் கழிச்சு ஒண்ணு," என்றாள் டோர்காஸ்.

"கண்ணு?"

"வலது பக்கம் பாக்கலாம். இடது பக்கம் போயிடுச்சு."

அவன் தலையாட்டினான். வெளியே போய் மரத்தடியில் குந்தி உட்கார்ந்தான்.

ரேடியோவில் மாகாண ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்தாள். கடல் கொந்தளிப்பாக இருந்தது, படகு அனுப்ப முடியாது என்றார்கள். டாக்டர் அவள் செய்ததையே செய்யச் சொன்னார். கண்ணுக்குக் களிம்பு, நெஞ்சுச் சளிக்கு மருந்து, வாய்வழியே தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும். டோர்காஸ் எல்லாவற்றையும் மறுபடியும் செய்தாள். நாலாம் நாள் லெசினா வலது கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆறாம் நாள் பூசணிக்காய் மசியல் கேட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, பிள்ளைகள் கொஞ்சம் அடங்கியிருந்த நேரம், டோர்காஸ் வராந்தாப் படியில் டீயோடு உட்கார்ந்தாள். சைலஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மகளின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். அவளுக்குத் தூக்கமில்லாமல் தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பில்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டாள்.

"ஆபேலோட ரத்தத்துல மலேரியாதான் இருந்துச்சு சைலஸ். ஊசியால போகல. பதினோரு வருஷமா சொல்றேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஊசியால போகலன்னு. நீ அந்தக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து காட்டினியே, அன்னிக்கே நம்பிட்டேன்."

டோர்காஸ் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நம்பிட்டியா? அப்புறம் எதுக்குடா இவ்ளோ வருஷம்?"

அவன் துணியைக் கொடியில் விரித்தான், சுருக்கத்தை நீவினான். திரும்பாமலேயே பேசினான்.

"ஊசி போட்டு அனுப்பறப்போ நீ என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"கொஞ்சம் காய்ச்சல் வரும், பயப்படாதே, ரெண்டு நாள்ல போயிடும்னே. அன்னிக்கு ராத்திரியே சுட்டுச்சு. மறுநாள் காலையில எல்சி கீழே போலாம்னா. அக்கா சொல்லியிருக்கா, அக்காவுக்குத் தெரியாததான்னு நான்தான் அவளைத் திட்டி உக்கார வெச்சேன். ரெண்டு நாள் சொன்னியே. ரெண்டு நாளும் எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணாம் நாள் காலையில கண்ணு சொருகினப்போதான் தூக்கினேன்."

டோர்காஸ் யோசித்துப் பார்த்தாள். அந்த நாள் ஞாபகம் வந்தது. பிள்ளை போட்டிருந்த மஞ்சள் சட்டை, அழுகை, கொடுத்த முத்தம் எல்லாம் வந்தன. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. சொல்லியிருப்பாள். எல்லாத் தாய்மாரிடமும் அதைத்தான் சொல்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு முப்பது பேரிடம், அடுத்த பிள்ளையின் அட்டையை வாங்கிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல். போன மாதமும் சொன்னாள்.

"எனக்கு ஞாபகமில்லடா," என்றாள்.

"எப்படி இருக்கும்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி?" என்றான். பிறகு, "ஓசியா ஊசியே பாவம்னார். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. உன்மேல கோபம்னோ, என்மேலயே கோபம்னோ சொல்றதைவிட அது சுலபம். அப்புறம் அதுவே பழகிடுச்சு."

அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதா, மலேரியா இருக்கிற ஊரில் எந்தக் காய்ச்சலையும் காத்திருந்து பார்க்கக்கூடாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதா, இல்லை நீயும் இரண்டு பிள்ளைகள் செத்தபிறகுதானே வந்தாய் என்பதா? எல்லாமே உண்மையாக இருந்தன. உள்ளே பிரெண்டா கூப்பிட்டாள், எழுந்து போனாள்.

அம்மை தணிந்து எல்சியை வரச் சொன்னபோது மேலும் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவள் படகிலிருந்து இறங்கி நேராக வந்தாள். டிக்சனைப் பிரெண்டாவின் கையில் கொடுத்துவிட்டு லெசினாவின் முன்னால் மண்டியிட்டாள். மகளின் இடது கண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து டோர்காஸைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஓடையில நான் உங்க கையைப் பிடிச்சேன்."

"நானும்தான் விட்டேன்," என்றாள் டோர்காஸ்.

சைலஸ் சின்னவனைப் பிரெண்டாவிடமிருந்து வாங்கிக்கொண்டு ஊசி போடும் அறையின் வாசலுக்கு வந்தான்.

"இவனுக்குப் போட்டுடுங்க. விட்டுப்போன எல்லாத்தையும்." பிறகு அக்காவைப் பார்க்காமல் சொன்னான். "உன் கையால வேண்டாம்."

பிரெண்டா டோர்காஸின் முகத்தைப் பார்த்தாள். டோர்காஸ் மருந்தைக் கலந்து சிரிஞ்சில் ஏற்றி, குமிழியை வெளியேற்றி, பிரெண்டாவிடம் நீட்டினாள். பிறகு அறையின் மறுமூலைக்குப் போய் நின்றுகொண்டாள். இரண்டு ஊசி, தொடைக்கு ஒன்று. டிக்சன் வீறிட்டான். பிரெண்டா பஞ்சை அழுத்திக்கொண்டு பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் காய்ச்சல் வரும், பயப்..."

"இன்னிக்கு மலைக்குப் போக வேண்டாம்," என்று டோர்காஸ் மூலையிலிருந்து குறுக்கிட்டாள். "மூணு நாள் என் வீட்டுலயே இருங்க. காய்ச்சல் வந்தா நான் பாக்கறேன்."

சைலஸ் டிக்சனைத் தோளில் போட்டுக்கொண்டான். எல்சி மூட்டையை எடுத்துக்கொண்டு டோர்காஸின் வீட்டுப்பக்கம் நடந்தாள், அவனும் பின்னால் போனான்.

சாயங்காலம் டிக்சனுக்குச் சுட்டது. டோர்காஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்து மலேரியா பார்த்தாள், இல்லை. அந்தச் சோதனை அட்டையைச் சைலஸின் கையில் கொடுத்தாள். அவனுக்குப் படிக்கத் தெரியும். ஒரு கோடுதான் விழுந்திருந்தது, மலேரியா இருந்தால் இரண்டு விழும். இருந்தும் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் காலை இன்னொரு தடவை குத்தினாள், அப்போதும் இல்லை. பகல் முழுவதும் சைலஸ் உள்ளங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். அவள் கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். வரும்போதெல்லாம் வெப்பமானியைப் பார்த்துவிட்டு எண்ணை மட்டும் சொன்னாள். முப்பத்தெட்டரை. முப்பத்தெட்டு. அன்று மாலை முப்பத்தேழு. அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

நாலாம் நாள் அவர்கள் மலையேறினார்கள். போகும்போது எல்சி டோர்காஸைக் கட்டிக்கொண்டாள். சைலஸ் கை கொடுத்தான், அதுவே பெரிய விஷயம்.

அடுத்த சில வாரங்களில் தோலோகவாவிலிருந்து ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் ஊசிக்கு வந்தன. மூன்று வீட்டார் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஓசியா ஐந்து குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு, இரண்டு மலைமுகடு தாண்டி இன்னும் உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் வரிசை இப்போதெல்லாம் நீண்டுவிட்டது. டோர்காஸ் ஒவ்வொரு தாயிடமும் உட்காரச் சொல்லிப் பேசினாள். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நேரத்துக்குள், வீடு எவ்வளவு தூரம், யார் தூக்கி வருவார்கள் என்று கேட்டாள். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிஷம் என்றால் முப்பது பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பிரெண்டா கணக்குப் போட்டுக் காட்டினாள். சிஸ்டருக்கு வயசாயிடுச்சு, பேச்சு ஜாஸ்தியாயிடுச்சு என்று தாய்மார்கள் வெளியே முணுமுணுத்தார்கள்.

தவணை தாண்டித்தான் மூன்றாவது குளிகைக்குச் சைலஸ் லெசினாவைக் கூட்டிவந்தான். அவள் அவனுக்கு முன்னால் நடந்து வந்தாள், முகத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

"சாயங்காலத்துல கண்ணு தெரியுதா?" என்று டோர்காஸ் கேட்டாள்.

"தெரியுது அத்தை. இந்தப் பக்கம் காலைலயும் தெரியல." இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

குளிகை கொடுத்து முடிந்ததும் சைலஸ் வாசலிலேயே நின்றான்.

"ஓசியாகூடப் போனவங்கள்ல ஏழு சின்னப் பிள்ளைங்க இருக்கு. அதுல மூணு தட்டித் தடவிக்கிட்டுத்தான் நடக்குதுங்க. ஊசிக்கு ஒத்துக்க மாட்டாங்க. இதைக் குடுத்தா நான் எடுத்துட்டுப் போறேன்."

"வாங்கிப்பாங்களா?"

"மாட்டாங்க."

டோர்காஸ் அவனை உள்ளே வரச் சொல்லிக் குளிகையைப் பிடிப்பது எப்படி, நுனியை எங்கே கத்தரிப்பது என்று காட்டினாள். ஒரு வயசுக்குக் கீழே நீலம், மேலே சிவப்பு, மாற்றக்கூடாது என்றாள். அவன் காலாவதியான குளிகை ஒன்றைத் தன் கையில் வாங்கிப் பழகிப் பார்த்தான். எண்ணெய் விரலெல்லாம் வழிந்தது. இரண்டாவது சரியாக வந்தது.

"வேண்டாம்னு சொன்னா?" என்றான்.

"அடுத்த மாசம் மறுபடி போ."

"அப்பவும் சொன்னா?"

டோர்காஸ் ஏழு குளிகையை எண்ணிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "உக்காரு," என்றாள். "டீ போடறேன். குடிச்சிட்டுப் போ. மழை வரும் போலிருக்கு."

அவன் வெளியே மேகத்தைப் பார்த்தான். மகளைப் பெஞ்சில் ஏற்றிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.